ரயில்வே பள்ளிக்குப் பிள்ளைங்க வரலையா, வராம பண்ணினாங்களா?



மே தினக் கொடி ஏற்றி இரண்டு வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு நடந்த பொன்மலை கிளைக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் ஒரு அம்மா. ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்ப்பவர். அவர் பையன் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்ந்தவன். இப்போது எட்டாவது முடித்துவிட்டான்.

"ஒன்பதாவதுல இருந்து முழு ஃபீஸ் கட்டணும்னு சொல்லிட்டாங்க தோழர். சரி, ரயில்வே பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம்னு பார்த்தா, அதை எப்ப வேணா மூடிடுவாங்கன்னு சொல்றாங்க. நான் எங்க போறது?"

நாங்கள் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தோம். அவர் நிறுத்திவிட்டு அடுத்த கேள்வியைப் போட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். நீங்கல்லாம் உங்க பிள்ளைங்கள எங்க சேர்த்திருக்கீங்க?"

கூட்டத்தில் சத்தமே இல்லை. பொதுக் கல்வியைக் காப்போம் என்று மேடையில் முழங்குகிற பலருடைய வீட்டு வாசலிலும் காலையில் தனியார் பள்ளி வேன்தான் வந்து ஹாரன் அடிக்கிறது. இந்தப் பதிவு அந்த அம்மாவுக்கான பதில். நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதில் இருக்கிறது. பொறுமையாகப் படிங்க.

ஒன்பதாம் வகுப்பில் என்ன நடக்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது 6 வயது முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு. கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். ஆனால் எட்டாம் வகுப்போடு சட்டத்தின் கை முடிந்துவிடுகிறது. ஒன்பதில் அந்தப் பிள்ளைக்கு முன்னால் இரண்டே வழி. முழுக் கட்டணம் கட்டணும். இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்கோ உதவிபெறும் பள்ளிக்கோ போகணும்.

அந்த 25 சதவீதமும் நிச்சயமில்லை என்பதைப் போன வருஷம் பார்த்தோம். பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அதன் தொடர்ச்சியாக 2025ல் இந்தச் சேர்க்கையே மாதக்கணக்கில் தள்ளிப்போய், பள்ளி திறந்து காலாண்டு முடிகிற நேரத்தில்தான் ஆரம்பித்தது.

ஆக, தனியார் பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்துவிட்டால் ஏழைப் பிள்ளையின் படிப்புக்கு வழி பண்ணிவிட்டோம் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். பத்தாவது, பன்னிரண்டாவது என்று வாழ்க்கையைத் தீர்மானிக்கிற நான்கு வருஷம் வரும்போது அந்தப் பிள்ளைக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு நல்ல பொதுப்பள்ளி இருக்கணும். பொன்மலையில் அப்படி ஒரு பள்ளி இருக்கிறது. அதன் பெயர் ரயில்வே பள்ளி.

இந்தப் பள்ளி எப்படி வந்தது?

திருச்சி பழைய பள்ளிக்கூடங்களின் ஊர். செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், நேஷனல் என்று நூறு வருஷம் தாண்டிய பள்ளிகள் இங்கே உண்டு. எழுத்தாளர் சுஜாதா படித்தது ஸ்ரீரங்கம் ஆண்கள் உயர்நிலைப் பள்ளியில். இப்படிப் பல பள்ளிகளை நடத்துவது தனியார் நிர்வாகம். ஆசிரியர் சம்பளம் கொடுப்பது அரசு. இவைதான் உதவிபெறும் பள்ளிகள். கட்டணம் பெரிதாக இருக்காது. ஆனால் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இந்தப் பிள்ளைகளுக்குக் கிடையாது. அடுத்து மாநில அரசின் பள்ளிகள், மாநகராட்சிப் பள்ளிகள். அதற்கப்புறம் மெட்ரிக், சி.பி.எஸ்.இ. என்று முழுக்கக் கட்டணத்தில் ஓடும் பள்ளிகள்.

பொன்மலை கதை இதில் எதிலும் சேராது. தென்னிந்திய ரயில்வே நாகப்பட்டினத்தில் இருந்த பணிமனையை இங்கே கொண்டுவந்தது 1928ல். ஆட்குறைப்பை எதிர்த்து சிங்காரவேலர் உள்ளிட்டோர் தலைமையில் அந்த மாபெரும் வேலைநிறுத்தம் நடந்ததும் அதே 1928ல்தான். பணிமனையோடு சேர்ந்து ஒரு ஊரே கட்டப்பட்டது. குடியிருப்பு, ஆஸ்பத்திரி, சந்தை, பள்ளிக்கூடம். தொழிலாளி பிள்ளை படிப்பதற்குத் தொழிலாளி தனியாகக் காசு கொடுக்கக் கூடாது, அது வேலை கொடுப்பவன் பொறுப்பு என்ற ஒப்பந்தம் அந்தச் செங்கல் கட்டிடங்களில் இருக்கிறது. இதெல்லாம் கம்பெனிக்காரன் கருணையில் நீடிக்கவில்லை. 1946 செப்டம்பர் 5ல் சங்கத்திடலில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் சுட்டு ஐந்து தோழர்கள் செத்தார்கள். அப்படிப்பட்ட சங்கம் காலனியில் இருந்ததால் நீடித்தது.

ஃபிட்டர் மகனும் அதிகாரி மகனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலம் ஒன்று இருந்தது. பெரியவர்களைக் கேளுங்க, சொல்வாங்க.

எப்படிக் காலியாகிறது?

"ஆள் சேர்க்கை குறைஞ்சிடுச்சு, நாங்க என்ன பண்றது?" இதுதான் எப்போதும் மேலிருந்து வரும் பதில். ஆள் ஏன் குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, பணம் போகிற பாதை. ஒன்றிய அரசு ஊழியருக்குக் குழந்தைகள் கல்விப்படி உண்டு. இன்றைக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 2,812 ரூபாய் 50 காசு. வருஷத்துக்கு 33,750. இரண்டு பிள்ளைக்கு 67,500. இது ஊழியர் உரிமை, அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டோம். ஆனால் விளைவைப் பாருங்க. எந்தத் தனியார் பள்ளியில் சேர்த்தாலும் இந்தப் பணம் கிடைக்கும். அரசின் பணம் ஊழியர் கை வழியாகத் தனியார் பள்ளிக்குப் போகிறது. ரயில்வேயின் சொந்தப் பள்ளிக்கு அதே வேகத்தில் ஆசிரியரோ, ஆய்வகமோ வரவில்லை.

இரண்டாவது படி, ஆசிரியர் பணியிடம். ரயில்வே பள்ளிகளுக்கு ஒப்பந்த ஆசிரியர் தேவை, நேர்காணலுக்கு வாருங்கள் என்ற அறிவிப்புகளை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாத ஆசிரியரை நம்பி எந்த அப்பா, அம்மா பிள்ளையைப் பிளஸ் ஒன் கணிதப் பிரிவில் சேர்ப்பாங்க? அந்த ஆசிரியர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவரும் நம்மை மாதிரி ஒப்பந்தத் தொழிலாளிதான்.

மூன்றாவது படி, வதந்தி. 2015ல் பிபேக் தேப்ராய் குழு, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் நடத்துவது ரயில்வேயின் வேலை இல்லை என்று அறிக்கை கொடுத்தது. 2021ல் சஞ்சீவ் சன்யால் அறிக்கை, ரயில்வேயின் 94 பள்ளிகளைக் கேந்திரிய வித்யாலயாவிடமோ மாநில அரசுகளிடமோ ஒப்படைக்கலாம், அரசு-தனியார் கூட்டிலும் நடத்தலாம் என்றது. இப்படி ஒரு அறிக்கை வந்தால் போதும், மூடுவதற்கு உத்தரவே தேவையில்லை. "எப்படியும் மூடப் போறாங்க" என்ற பேச்சே பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடும். பிள்ளைகள் போனதும், "பாருங்க, ஆளே இல்லை" என்பார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிங்க. அந்த 94 பள்ளிகளில் படிப்பவர்களில் பாதிக்கு மேல் ரயில்வே ஊழியர் பிள்ளைகளே கிடையாது. சுற்றுவட்டாரப் பிள்ளைகள். அதை ரயில்வே அதிகாரிகள் மூடுவதற்கான காரணமாகச் சொல்கிறார்கள். நம்ம பார்வையில் நடத்துவதற்கான காரணமே அதுதான். செந்தண்ணீர்புரத்து ஆட்டோ ஓட்டுநர் மகளும், ஞாயிறு சந்தையில் காய்கறி விற்கிற அம்மாவின் மகனும் வந்து படிக்கிற பள்ளி, பொதுப்பள்ளி இல்லாமல் வேறென்ன?

கேந்திரிய வித்யாலயாவாக மாற்றினால் நல்லதுதானே?

தோழர்கள் சிலரே இப்படிக் கேட்கிறீங்க. நியாயமான கேள்வி. கே.வி.யில் படிப்பு நன்றாக இருக்கிறது, கட்டணமும் குறைவு. மறுக்கவில்லை. ஆனால் சேர்க்கை வரிசையைப் பாருங்க. ஒன்றிய அரசு ஊழியர், முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு முதல் முன்னுரிமை. மற்ற பொதுமக்கள் வரிசையின் கடைசியில். ஒன்பதாம் வகுப்பில் சேர வேண்டுமென்றால் இடம் காலியிருக்கணும், நுழைவுத் தேர்வும் எழுதணும். பாட மொழி ஆங்கிலமும் இந்தியும். தமிழ்வழி கிடையாது.

கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்த அம்மாவின் பையனுக்கு இதில் எங்கே இடம்? சமச்சீர் பாடத்திட்டத்தில் எட்டு வருஷம் படித்தவனை ஒன்பதில் தூக்கி அங்கே போட முடியுமா? பள்ளி நன்றாக ஆகும், ஆனால் இப்போது அதை நம்பியிருக்கிற பிள்ளைக்குக் கதவு சாத்தப்படும். அப்படி ஒரு முன்னேற்றம் யாருக்கு?

சிகாகோவில் என்ன நடந்தது?

மே தினத்தில் நாம் நினைத்துக்கொண்ட ஊர் சிகாகோ. 1886ல் எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர்கள் ரத்தம் சிந்திய ஊர். அதே ஊரில் பள்ளிக்கூடங்களுக்கு என்ன ஆச்சு என்பது நமக்கு நெருக்கமான கதை.

2013 மே மாதம் அந்த மாநகரத்தின் கல்வி வாரியம் 50 பொதுப்பள்ளிகளை ஒரே மூச்சில் மூட முடிவெடுத்தது. சொன்ன காரணம் நமக்குப் பழகியதுதான். மாணவர் குறைவு, பணம் இல்லை. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளில் இருந்தவை. அதே காலத்தில் அரசுப் பணத்தில் தனியார் அமைப்புகள் நடத்தும் 'சார்ட்டர்' பள்ளிகள் ஊரில் பெருகிக்கொண்டிருந்தன.

அந்த ஊரின் தெற்குப் பகுதியில் டயட் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று. அதை ஒரேயடியாக மூடவில்லை. 2012ல் படிப்படியாக மூடுவதாக முடிவெடுத்து, புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு வகுப்பு வெளியே போனது. 2015ல் கடைசி வகுப்பில் மிச்சம் இருந்தது 13 பேர். "13 பேருக்கு ஒரு பள்ளியா?" என்று கேட்பது அப்போது சுலபம்.

அந்தப் பகுதி மக்கள் விடவில்லை. 2015 ஆகஸ்டில் பெற்றோர், பாட்டிமார், ஆசிரியர்கள் என்று 12 பேர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 34 நாள். நிர்வாகம் இறங்கி வந்தது. 2016 செப்டம்பரில் அதே கட்டிடத்தில் பொதுப்பள்ளி மறுபடி திறந்தது. அவர்கள் கேட்ட பாடத்திட்டம் முழுதாகக் கிடைக்கவில்லை, கலைப் பள்ளியாகத்தான் திறந்தார்கள். ஆனாலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் போய்ப் படிக்கிற பள்ளியாகத் திறந்தது. ஆசிரியர் சங்க அமைப்பாளராக இருந்த பிராண்டன் ஜான்சனை 2023ல் அந்த ஊர் மக்கள் மேயராகவே தேர்ந்தெடுத்தார்கள்.

அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் பொதுப்பள்ளியில்தான் படிக்கிறார்கள். முதலாளித்துவத்தின் தலைநகரம் என்று நாம் சொல்கிற நாட்டிலேயே நிலைமை இது. நம்ம தமிழ்நாட்டுக்கும் இதில் பாரம்பரியம் உண்டு. ராஜாஜி ஆட்சியில் மூடிய பள்ளிகளைத் திறந்தவர் காமராஜர். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1ல் தொடங்கி வைத்த பாப்பாக்குறிச்சி நமக்குப் பக்கத்து ஊர்தான். பிள்ளை வரவில்லை என்றால் பள்ளியை மூடு என்று அவர்கள் யோசிக்கவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்தார்கள்.

தனியார் பள்ளி எல்லாம் மோசமா?

அப்படிச் சொல்ல மாட்டோம். கடன் வாங்கிப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்த தோழரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்தப் பதிவு எழுதவில்லை. ஆங்கிலம் வரணும், வாத்தியார் தினமும் வரணும், கழிப்பறை சுத்தமாக இருக்கணும், மகள் பத்திரமாக வீடு திரும்பணும். இதைத்தான் பெற்றோர் தேடுகிறார்கள். அதில் என்ன தப்பு? அந்தப் பள்ளிகளில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஆசிரியர்களும் நம்ம மக்கள்தான்.

ஆனால் இரண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். ஒன்று, வாசலில் தொங்குகிற "100 சதவீதத் தேர்ச்சி" பேனர். ஒன்பதாவதிலேயே பலவீனமான பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு "வேற ஸ்கூல் பாருங்க" என்று சொல்லி அனுப்புவது பல ஊர்களில் நடக்கிறது. அந்தப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது பொதுப்பள்ளி. அதனால் சதவீதம் குறைவது பொதுப்பள்ளிக்கு. கணக்கே கோணலாக இருக்கும்போது மார்க்கை மட்டும் வைத்து எது நல்ல பள்ளி என்று முடிவு பண்ணாதீங்க.

இரண்டு, கட்டணம். தமிழ்நாட்டில் 2009லேயே பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தும் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் எவ்வளவு வாங்கலாம் என்று ஒரு குழு நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வாங்கினால் திருப்பித் தரணும், சிறைத் தண்டனை வரைக்கும் போகலாம். நம்மில் எத்தனை பேர் பிள்ளையின் பள்ளிக்கு நிர்ணயித்த கட்டணம் என்ன என்று கேட்டிருக்கிறோம்? ரசீது கேட்டிருக்கிறோமா? "கேட்டா பிள்ளைய ஏதாவது பண்ணிடுவாங்களோ" என்ற பயம்தான் காரணம். தனியாகக் கேட்டால் பயம். பத்து பெற்றோர் சேர்ந்து போனால் அது சங்கம்.

நாம் கேட்பது என்ன?

1. பொன்மலை ரயில்வே பள்ளியை மூட மாட்டோம், தனியாரிடம் கொடுக்க மாட்டோம் என்று தெற்கு ரயில்வே எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டும். இந்த ஒரு கடிதம் வதந்தியைக் கொல்லும்.

2. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, நிரந்தர ஆசிரியர் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, காலி எத்தனை என்று பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும். காலியிடத்தை நிரந்தரமாக நிரப்ப வேண்டும்.

3. ரயில்வே பிள்ளை, வெளிப் பிள்ளை என்று பார்க்காமல் சுற்றுவட்டாரப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். ஜூன் மாதம் சேர்க்கை நடக்கிறது என்று ஒரு பேனராவது வெளியே கட்ட வேண்டும்.

4. ரயில்வே உண்மையிலேயே கைவிடுவதானால், மாநில அரசு அதே இடத்தில், அதே வகுப்புகளோடு, தமிழ்வழியோடு அரசுப் பள்ளியாக எடுத்து நடத்த வேண்டும். ஒரு நாள்கூடப் படிப்பு நிற்கக் கூடாது.

5. கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்த பிள்ளையை எட்டாவதில் பாதி வழியில் இறக்கிவிடக் கூடாது. அதே பள்ளியில் தொடர விரும்பினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை கட்டணத்தை அரசே ஏற்க வேண்டும்.

இப்போ நம்ம கதைக்கு வருவோம்

மேலே சொன்ன ஐந்தும் அவர்களிடம் கேட்பது. ஆறாவது நம்மிடம் கேட்பது. ஆறாவதோ ஒன்பதாவதோ பிளஸ் ஒன்னோ சேர வேண்டிய பிள்ளை உங்க வீட்டில் இருந்தால், தனியார் பள்ளிக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் ஒரு நாள் பக்கத்தில் இருக்கிற பொதுப்பள்ளிக்குப் போங்க. தலைமை ஆசிரியரைப் பாருங்க. வகுப்பறையைப் பாருங்க. கழிப்பறையையும் பாருங்க. எது குறையோ எழுதிக்கொண்டு வாங்க. குறையைப் பார்த்துவிட்டு, "இல்ல தோழர், என் பிள்ளைய இங்க போட முடியாது" என்று நீங்க சொன்னால் யாரும் உங்களைத் திட்ட மாட்டோம். அந்தக் குறைப் பட்டியலை மட்டும் கிளையில் கொடுங்க. போராட அது போதும்.

ஏற்கெனவே பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிக்கிற தோழர்கள் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைத் தவறவிடாதீங்க. கையெழுத்து போட்டுவிட்டுத் திரும்புவதற்காக அந்தக் குழு இல்லை. ரயில்வே பள்ளிக்கும் அதே மாதிரி பெற்றோர் குழு வேண்டும் என்று கேட்போம்.

நம்ம பிள்ளையை அனுப்பாத பள்ளிக்காக நாம் போடுகிற கோஷத்தை ரயில்வே அதிகாரி சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு நம்ம வீட்டு வாசலில் நிற்கும் வேன் தெரியும்.

அந்த அம்மாவுக்குக் கிளையின் பதில் இது: உங்க பையனை ரயில்வே பள்ளியில் சேருங்க. சேர்க்கைக்கு உங்களோடு கிளைத் தோழர்கள் இரண்டு பேர் வருவாங்க. அவன் பன்னிரண்டாவது முடிக்கிற வரை அந்தப் பள்ளி திறந்திருக்கணும். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எங்களுடையது. உங்க பையனோடு எங்க பிள்ளைகளில் சிலரும் அங்கே வருவாங்க. இரண்டு தோழர்கள் அந்தக் கூட்டத்திலேயே ஒத்துக்கொண்டார்கள். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அன்றைக்கு அந்த அம்மா கேட்டபோது நிலவிய அமைதிக்கு அது பரவாயில்லை.

செப்டம்பர் 5 வரும். ஊர் முழுக்க ஆசிரியர் தினம். நமக்கு அது பொன்மலைத் தியாகிகள் தினமும்தான். வழக்கம்போல சங்கத்திடலுக்குப் பூவோடு வருவோம். அதற்குள் ரயில்வே பள்ளியில் எத்தனை நிரந்தர ஆசிரியர், எத்தனை புதுச் சேர்க்கை என்ற கணக்கையும் கையில் எடுத்துக்கொண்டு வருவோம்.

ஜூன் சேர்க்கை நேரத்தில் உதவி வேண்டுமென்றால் உங்க கிளைச் செயலாளரைப் பாருங்க. உங்க பகுதிப் பள்ளியில் என்ன குறை என்று கீழே எழுதுங்க. படித்துவிட்டு லைக் போட்டுப் போகாம, காலனி குரூப்பிலும் சங்க குரூப்பிலும் பகிருங்க.

#ரயில்வேபள்ளியைக்காப்போம்
#பொதுப்பள்ளிநம்மபள்ளி
#பொன்மலை